ஒழுகாத கூடைகள்

மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள், இது சாக்கடைக் கதை, இதில் சந்தனம் மணக்காது. பட்டணத்து ஆற்றங்கரையில் குடிசை போட்டுப் பிழைத்துக் கிடந்த சனங்களை ஒரு நாள் காலையில் லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு வந்து, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், கல் உடைத்துத் தீர்ந்துபோன குவாரிப் பள்ளத்துக்குப் பக்கத்தில், எட்டெட்டு மாடியாக எழுப்பி வைத்திருந்த கட்டடங்களுக்குள்ளே கோழியை அடைக்கிற மாதிரி அடைத்து, இனிமேல் உங்களுக்கு வெள்ள பயமே இல்லை என்று மைக்கில் சொல்லி, கைதட்டவும் வைத்துவிட்டுப் போனார்களே, அந்தக் கல்லாங்காடு குடியிருப்பில், பதினாலாம் பிளாக்கில் நடந்தது இது. வெள்ளம் இல்லை என்று சொன்னதில் பொய் இல்லை; ஆறு இருந்தால்தானே வெள்ளம். ஆனால் எட்டு மாடிக் கக்கூஸும் எட்டு மாடிக் குளியலறையும் ஒரே குழாயில் இறங்கின, அந்தக் குழாய் போய்ச் சேர வேண்டிய பெரிய குழாயைப் போடத்தான் மறந்துவிட்டார்கள், அதனால் மேலே இருக்கிறவர்கள் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் கீழே இருக்கிறவள் வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்காமலே உள்ளே வந்தது.

கீழே இருந்தவள் சகாயராணி. தரைத்தளம், மூன்றாம் எண் வீடு. புருஷன் ஜோசப் இங்கே வந்த முதல் மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை கண்டு போய்ச் சேர்ந்துவிட்டான்; குடிக்கிற தண்ணீரில் குடிக்கக் கூடாத தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், அதைச் சொல்ல ஆஸ்பத்திரி எதற்கு, மூக்கு போதாதா? மிச்சமிருந்தது மகள் பெனிட்டா ஒருத்திதான், பதினோராம் வகுப்பு, பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு மெயின்ரோட்டில் பஸ் பிடித்துப் போய் வருகிறவள். அவளைப் பற்றி சகாயராணிக்கு ஒரே ஒரு வைராக்கியம் இருந்தது. சகாயராணியின் அம்மா தெற்கே ஒரு சின்ன ஊரில் வீடு வீடாகப் போய் எடுப்புக் கக்கூஸ் அள்ளியவள். தகரக் கூடையில் சாம்பலைப் போட்டு, அள்ளி, தலையில் வைத்துச் சுமந்து, உச்சந்தலையில் கூடை உட்கார்ந்த இடத்தில் சாகிறவரைக்கும் முடியே முளைக்கவில்லை. சகாயராணி பத்தொன்பது வயதில் கல்யாணம் என்று ஒன்று வந்ததும் பட்டணத்துக்கு ஓடிவந்து, எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்கு நூல் வெட்டுகிற வேலையில் உட்கார்ந்தவள், அம்மா என்ன வேலை செய்தாள் என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடச் சொன்னதில்லை. என் மகள் கையில் அந்தக் கூடை ஏறக் கூடாது, மாதாவே, எனக்கு வேறே எதுவும் வேணாம் என்பதுதான் அவளுடைய ஜெபம், காலையிலும் அதுதான், சாயங்காலமும் அதுதான். அவள் சொல்லாவிட்டால் என்ன, பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் மொய் மட்டும் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிறார்கள் என்பதை வைத்தே நம் சனங்கள் ஏழு தலைமுறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் வசுமதி மேடம் வந்தார். ஏதோ ஒரு அறக்கட்டளையிலிருந்து, பருத்திப் புடவையும் தோளில் லேப்டாப் பையுமாக, நல்ல மனுஷி, அதில் சந்தேகம் வேண்டாம். உங்கள் உரிமையை நீங்கள்தான் கேட்க வேண்டும் என்று சார்ட் ஒட்டி நாலு கூட்டம் போட்டுப் பார்த்தார். பிஸ்கெட் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. ஐந்தாவது தடவை ஒயர்க் கட்டுகளோடு வந்து, "பேச வேண்டாம்மா, கூடை பின்னுவோம், கைக்கு வேலை கொடுத்தா வாய் தன்னால திறக்கும்" என்றார். அது பலித்தது. புதன்கிழமை மூன்று மணிக்கு, தண்ணீர்த் தொட்டி நிழலில், பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூன்றாம் மாடி பரிமளாவுக்கு நெல்லிக்காய் முடிச்சும் சிவன்கண் முடிச்சும் தண்ணி பட்ட பாடு, அவள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தாள். மேடம் ஒரே ஒரு சட்டம் போட்டார்: ஒரு சுற்றுக்கு ஒரு குறை. கூடையில் ஒரு சுற்று ஆரம்பிக்கிறவள் தன் குறையைச் சொல்லிக்கொண்டே பின்ன வேண்டும், அந்தச் சுற்று முடிகிறவரைக்கும் மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. சொன்னதையெல்லாம் ஒருத்தி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு வாயைத் திறக்கவா சொல்லித்தர வேண்டும்! பஸ் இல்லை, ரேஷன் கடை இல்லை, மூன்று மாதமாக லிஃப்ட் இல்லை, கொசு உண்டு, பாம்பு உண்டு, சாக்கடை உண்டு என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒவ்வொன்றைச் சொல்லி இறுக்கினார்கள். சகாயராணி பச்சையும் வெள்ளையுமாக ஒரு கூடை போட்டாள், அடி முதல் ஓரம் வரைக்கும் ஒரே குறைதான் சொன்னாள். என் வாசல்ல உங்க வீட்டுத் தண்ணி நிக்குது, என் புருஷன் அதுலதான் போனான், எம் பொண்ணு அதுல கால் வச்சுத்தான் பள்ளிக்கூடம் போவுது. வேறு எதையும் அவள் சொல்லவில்லை, வேறு எதையும் கேட்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

ஏழாவது புதன்கிழமை கூடைக்குக் கைப்பிடி போட்டு முடித்து எடுத்துக்கொண்டு வந்தவள், பூட்டைத் திறக்கக் கையை ஒழித்துக்கொள்வதற்காக அதை வாசல் ஓரத்தில் கீழே வைத்தாள். வாசலில் நின்ற சாக்கடை, மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கூடைக்குள்ளே போனது. முதலில் வாசலில் நின்றது போனது, பிறகு மாடிப்படிக்கு அடியில் நின்றது, பிறகு பிளாக்கின் மேற்குப் பக்கம் முழுக்க நின்றது, எல்லாம் போய், நாலு கிலோ அரிசி கொள்ளுகிற கூடையில் விளிம்புமட்டும் நின்றது, அத்தனை ஓட்டையிலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஐயய்யோ, புதுக்கூடை பாழாப் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் சகாயராணி.

சத்தம் கேட்டு இறங்கி வந்த பரிமளா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "முடிச்சை நல்லா இறுக்கிப் போட்டிருக்கேக்கா, அதான் ஒழுகல" என்றாள். "நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

அவ்வளவுதான் ஆராய்ச்சி. அதற்குமேல் ஏன் எதற்கு என்று கல்லாங்காட்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒயர் நல்ல ஒயர் என்றார்கள் சிலர், மேடம் கைராசி என்றார்கள் சிலர், எட்டாம் மாடியில் ஜெபக்கூட்டம் நடத்துகிற பாஸ்டர் அது ஆவியானவரின் கிரியை என்றார், மாரியம்மன் கோயில் பூசாரி அப்படியென்றால் ஆடி மாதம் பார்த்து வருவானேன் என்று கேட்டார். கூடையைத் தூக்கிப் பார்த்தால் அத்தனை தண்ணீருக்கும் ஒரு குடம் கனம்தான், நாற்றம் மட்டும் முழுசாக இருந்தது. கொண்டுபோய்க் குவாரிப் பள்ளத்தில் கவிழ்த்தால் காலி. அடுத்த புதன்கிழமைக்குள் சாக்கடையைச் சொல்லிப் பின்னிய கூடைகள் எல்லாமே அப்படி அள்ள ஆரம்பித்தன, கொசுவைச் சொன்னதில் கொசு வந்து அடைந்தது. பஸ் இல்லை, ரேஷன் கடை இல்லை என்று சொல்லிப் பின்னியவர்களின் கூடைகள்தான் எத்தனை நாள் வாசலில் வைத்தும் காலியாகவே கிடந்தன. இருப்பதை அள்ளலாம், இல்லாததை எந்தக் கூடை அள்ளும்? ஆறாம் மாடி ஜமுனாவின் கூடைக்கு ஒரு நாள் கைப்பிடி அறுந்துபோனது, அதுவரைக்கும் அந்தக் கூடை அள்ளிக் கொட்டிய அத்தனையும் பள்ளத்திலிருந்து கிளம்பி வந்து அவள் படியில் நின்றது; அன்றிலிருந்து கைப்பிடிக்கு இரட்டை ஒயர் போட்டார்கள்.

வசுமதி மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதைத்தாம்மா நான் எதிர்பார்த்தேன்! நாளைக்கே எல்லாக் கூடையையும் தூக்கிட்டுப் போய் ஆபீஸ்ல ஏ.ஈ. மேஜை மேல வைங்க, பெரிய குழாய் தானா வரும்" என்றார்.

"சீச்சீ" என்றாள் பரிமளா. "ஆபீஸ் மேஜை மேலயா? எழுதுற இடம் மேடம், சரஸ்வதி இருக்கிற இடம்."

எல்லோருக்கும் அதுதான் அபிப்பிராயம். அதனால் கூடையை விட்டுவிட்டு மனுவை மட்டும் கொண்டுபோனார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மேடம் சொல்லிக்கொடுத்தபடி எழுதி, ஏழெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு, நேரில் வந்து எங்கள் சாக்கடையைப் பாருங்கள் என்று கேட்டார்கள். உதவிப் பொறியாளர், அவர்தான் ஏ.ஈ., ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.

இங்கேதான் அந்த முட்டாள்தனம் நடந்தது, இதை வேறு எந்தச் சனமும் செய்திருக்காது. வீட்டுக்குப் பெரிய மனுஷர் வருகிறார் என்றால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலையிலேயே எழுந்து, அத்தனை கூடையையும் எடுத்து, பிளாக்கைச் சுற்றிப் பொட்டுத் தண்ணி இல்லாமல் அள்ளி, ஓரமாக வரிசையாக வைத்து, படியெல்லாம் பினாயில் ஊற்றிக் கழுவி, வாசலில் மஞ்சள் தெளித்துவிட்டார்கள். கோலம் போட்டது யார் என்கிறீர்கள், சாட்சாத் சகாயராணிதான். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி, ஓரத்தில் தாமரை. வருகிற மனுஷன் முகம் சுளிக்கக் கூடாது பாருங்கள். ஏ.ஈ. ஜீப்பை விட்டு இறங்கி, கோலத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து, போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் குடித்து, முறுக்கை ஒரு கடி கடித்துவிட்டு, "எங்கேம்மா சாக்கடை?" என்று கேட்டார்.

"இதோ சார்!" என்று எல்லோரும் பெருமையாகக் கூடைகளைக் காட்டினார்கள்.

பார்த்தார். குனிந்து பார்த்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஒரு கூடையைப் பேனாவால் தட்டியும் பார்த்தார். "ஒரு சொட்டு ஒழுகலையே! பிரமாதம்மா" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: நேரில் ஆய்வு செய்ததில் கழிவுநீர்த் தேக்கம் எதுவும் காணப்படவில்லை, குடியிருப்போர் தாங்களே சிறந்த முறையில் பராமரித்து வருகின்றனர், எனவே புதிய குழாய் தேவைப்படவில்லை. அரை மணி தாமதமாக வந்து சேர்ந்த வசுமதி மேடம் ஈரம் காயாத படியையும் கோலத்தையும் பார்த்தார், எழுதி முடித்த தாளைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா கழுவினீங்க?" என்று மட்டும் கேட்டார். கேள்வியே அவர்களுக்குப் புரியவில்லை.

ஆனால் மேடமும் மனுஷிதானே. சுதந்திர தினத்தன்று சிறந்த மக்கள் பங்கேற்பு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், அவர் வாங்கிக்கொண்டு சிரித்த போட்டோ பேப்பரில் வந்தது. மற்ற பிளாக்குகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எப்போதாவது செய்த வேலை தினசரி வேலையானது. கூடை காலையில் அள்ள வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் வாசல் நிறைந்துவிடும். வட்டம் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒரு நாள் என்று நோட்டில் முறை போட்டார்கள். முறை நியாயமான முறைதான், யாரும் குறை சொல்ல முடியாது. மாசமாக இருக்கிறவள் தூக்கக் கூடாது, சரி. புதுசாகக் கல்யாணம் ஆனவள் தூக்கினால் நன்றாகவா இருக்கும், சரி. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்கள் காப்புக் கட்டியிருக்கிறார்கள், கார்த்திகையில் மாலை போட்ட வீடு, மார்கழியில் பாவை நோன்பு, மூட்டுவலி, ஆபரேஷன் உடம்பு, வேலைக்குப் போகிறவள், வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், சரி சரி சரி. சலித்துச் சலித்துக் கடைசியில் சல்லடையில் மூன்று வீடுதான் தங்கியது. எந்த மூன்று வீடு என்று யாரும் எழுதவில்லை, யாரும் சொல்லவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன், ஒருத்தருக்கும் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. தரைத்தளத்தில் ஓரத்து வீடுகளில் இருந்த அண்ணன் தம்பி குடும்பம் இரண்டு, மூன்றாவது சகாயராணி.

"உனக்குப் பழக்கம்தானேக்கா" என்றாள் பரிமளா ஒரு நாள், ரொம்பப் பிரியமாக.

"என்ன பழக்கம்?" என்று கேட்டாள் சகாயராணி.

"இல்ல, உன் கூடைதானே முதக்கூடை, அதைச் சொன்னேன்" என்றாள் பரிமளா. பரிமளா கெட்டவள் இல்லை. ஜோசப் செத்தபோது மூன்று நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். ஆனால் சகாயராணி வீட்டில் டீ கொடுத்தால் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, இப்பத்தான் குடிச்சேன் என்று சொல்லாமல் இருந்ததில்லை.

வாரத்தில் மூன்று நாள் சகாயராணி கூடை தூக்கினாள். கம்பெனியில் லேட்டாக வருகிறாள் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள், அதற்கப்புறம் நான்கு நாள் ஆனது. கூடையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், மரியாதையாகத்தான். எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டார்கள், அதையும் மரியாதை என்றே அவள் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடி அசடே! பெனிட்டாவுக்குத்தான் சீக்கிரம் புரிந்தது. அம்மா கூடையோடு குவாரிப் பக்கம் போகிற நேரத்தில் அவள் சுற்றுவழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போனாள், பரிமளாவின் மகளும் அவள் சிநேகிதிகளும் நிற்கிற இடத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றாள், அவர்கள் கூப்பிடுவார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றாள். சகாயராணி அதையும் தூரத்திலிருந்து பார்த்தாள். நான் தூக்கினால் என்ன, அவள் தூக்கவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

ஐப்பசியில் சகாயராணிக்குக் காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் சுயநினைவில்லாமல் கிடந்தபோது பரிமளா நோட்டோடு வந்து வாசலில் நின்று, "கண்ணு, இன்னிக்கு உங்க அம்மா பேர்தான் இருக்கு, ஒரு நாள்தானே" என்றிருக்கிறாள். சகாயராணி கண் விழித்தபோது மத்தியானம். குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்காமல் கேட்டது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடம் போகாமல், யூனிஃபார்மோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெனிட்டா கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதுசாகப் பிரித்த சோப்பு பாதியாகக் கரைந்து கிடந்தது.

"யார்டி தூக்கச் சொன்னது?" என்றாள் சகாயராணி.

"நோட்டுல உன் பேரு இருந்துச்சு."

"அதுக்கு? நீ ஏன் போனே?"

"நான் போவலன்னா நீ காய்ச்சலோட போயிருப்பேல்ல" என்றாள் பெனிட்டா. பிறகு இரண்டு கையையும் அம்மா முகத்துக்கு நேராக நீட்டினாள். "வாசம் போயிடுச்சாம்மா? மோந்து பாரு."

சகாயராணி மோந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் அடித்தது. போயிடுச்சு என்று சொன்னாள். சொல்லிவிட்டு அந்தக் கைகளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, செத்துப்போன தன் அம்மாவையும் செத்துப்போன தன் புருஷனையும் மாதாவையும் சேர்த்து வைத்துத் திட்டித் தீர்த்தாள். இத்தனை வருஷம் காவல் காத்த ஒன்றை ஒரு காய்ச்சலில் தூங்கிக் கோட்டைவிட்டுவிட்டாளே.

மறுநாள் புதன்கிழமை. காய்ச்சலோடேயே வட்டத்துக்குப் போய் உட்கார்ந்தாள் சகாயராணி. அடி மட்டும் போட்டு வைத்திருந்த ஒரு புதுக்கூடையை எடுத்து மடியில் வைத்து, சுற்றை ஆரம்பித்து, சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவின் தலையில் முடி முளைக்காத இடத்தைச் சொன்னாள். மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போனவர்களைப் பேர் பேராகச் சொன்னாள். டீயைச் சொன்னாள். மூன்று வீடு எப்படி மூன்று வீடு ஆனது என்று சொன்னாள். "ஏன் எங்க மூணு வீடுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சுதான் தூங்குறீங்க, தெரிஞ்சுதான் சாப்பிடுறீங்க, உங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் கேட்டு இறுக்கினாள். சுற்று முடிகிறவரைக்கும் குறுக்கே பேசக் கூடாது என்பது சட்டம், அதனால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் தங்கள் முடிச்சைப் போட்டார்கள். வசுமதி மேடம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுற்றை முடித்து, அடுத்த சுற்றும் போட்டு, ஓரம் மடித்து, கைப்பிடியும் வைத்து, நாலு மணி வெயிலில் அந்தக் கூடையை வட்டத்துக்கு நடுவில் வைத்தாள். சாக்கடையைச் சொன்னால் சாக்கடை வருகிறது, கொசுவைச் சொன்னால் கொசு வருகிறது, இப்போது என்ன வரப்போகிறது என்று எல்லோரும் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. காலிக் கூடைக்குள் ஒரு சருகு காற்றில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

"மனசுல வச்சுக்காதேக்கா" என்றாள் பரிமளா மெதுவாக. "நாலு நாளை மூணு நாளாக்கிடலாம்."

சகாயராணி ஒயர் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தொட்டிக்குப் பின்னால் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பிளாக் கூடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரட்டை ஒயர்க் கைப்பிடியை நறுக், நறுக் என்று வெட்டினாள். நம்முடைய பெண்கள் கத்தினார்கள், கும்பிட்டார்கள், சாபம் விட்டார்கள், பைத்தியம் பிடிச்சிடுச்சு, பிடிங்கடி அவளை என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டார்கள், ஆனால் ஒருத்திகூட ஒரு கூடையைப் பிடுங்கவில்லை. பிடுங்க வேண்டுமானால் தொட வேண்டுமே! யார் தொடுவது? தள்ளி நின்றே கத்தி, தள்ளி நின்றே பார்த்து, கடைசிக் கூடையும் வெட்டுப்பட்டு விழுகிறவரைக்கும் தள்ளியே நின்றார்கள்.

பள்ளத்திலிருந்து அது கிளம்பி வந்தது. ஒரு நாள் தண்ணீரா, ஒரு வாரத் தண்ணீரா, மூன்று மாதத்துத் தண்ணீர், யார் யார் வீட்டிலிருந்து இறங்கியதோ அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து, குவாரி விளிம்பில் ஏறி, ரோட்டைத் தாண்டி, வழி கேட்காமல் நேராகப் பதினாலாம் பிளாக்குக்கு வந்து, தரைத்தளத்தில் இடுப்பளவு நின்றது. லிஃப்ட் குழியில் நிறைந்தது. முதல் மாடிப் படியில் நாலு படி ஏறிற்று. அந்த அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் அன்று சாயங்காலமே சட்டி பானையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சொந்தக்காரர்கள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார்கள், புத்திசாலிகள். சகாயராணி வீட்டு மூட்டையெல்லாம் மிதந்தது. பெனிட்டாவைப் பரிமளாவே கூப்பிட்டுத் தன் வீட்டில் தன் மகளோடு படுக்க வைத்துக்கொண்டாள். சகாயராணியை யாரும் கூப்பிடவில்லை. அவள் தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவே, தண்ணீர் ஏறாத ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அந்த அதிசயம் நடந்தது, சாக்கடை கூடைக்குள் போனதைவிடப் பெரிய அதிசயம் அதுதான். பிளாக் மொத்தமும் ஒன்றுகூடி ஒரு மனு எழுதியது. அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அடித்தல் திருத்தல் இல்லாமல். மாடி மாடியாகத் தாள் போனது, யாரும் பேனா இல்லை என்று சொல்லவில்லை, யாரும் அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. பத்து மணிக்கு மனு போனது, பன்னிரண்டு மணிக்கு ஏ.ஈ. இடுப்பளவு பூட்ஸோடு வந்துவிட்டார். முதல் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சகாயராணியைக் கூப்பிட்டு எதிரே, தண்ணீரை ஒட்டிய படியில் நிற்க வைத்தார். சனமெல்லாம் மேல்படிகளில் அடுக்கி நின்றது. வசுமதி மேடம் ஓரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் சர்வீஸ்ல ஒரு பிளாக்கு முழுக்கக் கையெழுத்துப் போட்ட மனுவை நான் பார்த்ததில்லை" என்றார் ஏ.ஈ. "கேளும்மா. ஒண்ணு, பொதுச்சொத்துக்குச் சேதம் பண்ணின சகாயராணிக்குக் கொடுத்த வீட்டை ரத்து பண்ணணும். ரெண்டு, மறுபடியும் கூடை பின்னுறதுக்கு உடனே ஒயர் வழங்கணும்."

"குழாய்?" என்றாள் சகாயராணி.

"குழாய் இவங்க கேக்கலையே" என்று தாளைத் திருப்பிக் காட்டினார் அவர். "படிக்கத் தெரியும்ல? பாத்துக்கோ."

படித்தாள். பரிமளா பெயர் முதலில் இருந்தது. ஜமுனா இருந்தாள். பாஸ்டர் இருந்தார், பூசாரி இருந்தார், இரண்டு பேரும் ஒரே தாளில் அடுத்தடுத்து. கடைசித் தாளில், தரைத்தளம் மூன்றாம் எண் என்ற இடத்துக்கு எதிரே, முத்து முத்தான எழுத்தில், ஜோ. பெனிட்டா என்று இருந்தது.

சகாயராணி நிமிர்ந்து பார்த்தாள். மேல்படியில், காய்ந்த இடத்தில், மூன்றாம் மாடிப் பெண்களுக்கு நடுவில், பரிமளாவின் மகளுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள், இங்கே வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் நின்றிராத இடத்தில். பரிமளா அவள் தோளில் கை போட்டிருந்தாள். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன் என்கிற மாதிரி ஒரு பயமும், தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்கிற ஒரு நிம்மதியும் அந்தக் குழந்தை முகத்தில் இருந்தன. சகாயராணிக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, போகட்டும், நம்ம கூட இருந்து என்ன கண்டாள், அங்கேயாவது நல்லா இருக்கட்டும் என்று ஒரு சமாதானமும் வந்தது, அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒயர் ஜீப்லயே கொண்டாந்துட்டேன்" என்றார் ஏ.ஈ. படிகளைப் பார்த்து. "இன்னிக்கே உக்காந்து பின்னிடுங்க. நாளைக்குக் காலையில அள்ளிடணும், மேலிடத்துல இருந்து வராங்க. தூக்கறதுக்குப் பழகினவங்க யாராச்சும் மிச்சம் இருக்காங்கல்ல?"

பதில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. முதல் படியிலிருந்து கடைசிப் படிவரைக்கும் நின்ற அத்தனை சனமும், ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்ளாமல், தலையை ஒரே பக்கமாகத் திருப்பியது. பரிமளாவின் கை தோளிலேயே இருந்தது, கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. பெனிட்டா மட்டும், எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல், பதிலுக்குச் சிரித்தாள்.

"பெனிட்டா, இறங்கி வாடி!" என்று கத்தினாள் சகாயராணி. "அங்க நிக்காதடி, அம்மாகிட்ட வந்துடு! இப்பவே வா!"

பெனிட்டா குனிந்து, படிகளுக்குக் கீழே கறுப்பாக நின்ற தண்ணீரைப் பார்த்தாள், தன் வெள்ளைச் சாக்ஸைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற சிநேகிதியைப் பார்த்தாள்.

"வரலம்மா" என்றாள். "கீழ அசிங்கமா இருக்கு."